ராஃபிள்ஸ் ஹோட்டலில் எது பழசு, எது கதை?

கேள்வி இதுதான்: சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலை ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ்தான் கட்டினாரா, பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலியைச் சுட்ட கதை நிஜமா, இன்றைக்கு நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் உண்மையிலேயே பழசா? மூன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லலாம். கட்டவில்லை, பாதி நிஜம், ஓரளவு பழசு. ஆனால் அந்த "பாதி", "ஓரளவு" இரண்டிலும்தான் சுவாரசியமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ராஃபிள்ஸ் 1819ல் சிங்கப்பூரில் காலடி வைத்து அதைப் பிரிட்டிஷ் துறைமுகமாக்கிய ஆங்கிலேய அதிகாரி, 1826ல் லண்டனில் இறந்துபோனார். ஹோட்டல் திறந்தது 1887 டிசம்பர் 1ஆம் தேதி. அவர் செத்து 61 வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வருஷம் பார்த்து அவர் பெயரை வைத்ததில் ஒரு வியாபாரக் கணக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். 1887 ஜூனில் விக்டோரியா ராணியின் பொன்விழா. அதையொட்டி ராஃபிள்ஸுக்குப் பாடாங் திடலில் வெண்கலச் சிலை திறந்தார்கள். ஊரெல்லாம் அவர் பேச்சாக இருந்த வருஷத்தில், புதிதாகக் கடை விரிக்கும் யாரோ ஒருவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெயருக்குக் காசும் கொடுக்க வேண்டாம்.

அந்த "யாரோ ஒருவர்" ஆங்கிலேயர் இல்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். சார்க்கீஸ் சகோதரர்கள் ஆர்மீனியர்கள். மார்ட்டின், டிக்ரான், அவியட், அர்ஷக் என்று நாலு பேர். பாரசீகத்தின் இஸ்ஃபஹான் நகரத்தில் காலங்காலமாக வாழ்ந்துவந்த ஆர்மீனிய வணிகச் சமூகத்திலிருந்து கிழக்கே வந்தவர்கள். இந்த ஆர்மீனியர்கள் நமக்கும் புதியவர்கள் இல்லை, சென்னை ஆர்மீனியன் தெருவில் அவர்களுடைய தேவாலயம் இன்னும் இருக்கிறது. சிங்கப்பூரில் எந்தக் காலத்திலும் அவர்கள் கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருந்தார்கள், ஆனாலும் அந்த ஊரில் அவர்கள் விட்டுப்போனதைப் பாருங்கள்: 1830களில் எழும்பிய, ஊரிலேயே பழைய தேவாலயம் அவர்களுடையது; 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' பத்திரிகை தொடங்கியதில் அவர்கள் கை உண்டு; நாட்டின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்கிட், ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் பெயரில் இருக்கிறது.

சார்க்கீஸ்காரர்கள் ஹோட்டல் தொழிலில் இறங்கியது முதலில் பினாங்கில். அங்கே 1880களின் நடுவில் ஈஸ்டர்ன், ஓரியண்டல் என்று இரண்டு ஹோட்டல், பிறகு இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். இன்றும் ஈ அண்ட் ஓ என்ற பெயரில் ஓடுகிறது. அடுத்து சிங்கப்பூர். அதன்பின் 1901ல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட். மூன்று ஊரையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். மூன்றும் கப்பல் நிற்கும் துறைமுகங்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் நீராவிக் கப்பல்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இறங்கி, அடுத்த கப்பலுக்காகச் சில நாள் காத்திருக்கும் கூட்டம் கையில் காசோடு வந்தது. அந்தக் கூட்டத்துக்கு மெத்தை போட்டதுதான் சார்க்கீஸ்களின் தொழில்.

சிங்கப்பூரில் தொடக்கத்தில் அவர்கள் புதிதாக எதையும் கட்டவில்லை, வாடகைக்குத்தான் எடுத்தார்கள். பீச் ரோட்டில், கடலைப் பார்த்தபடி, 1830களில் கட்டிய ஒரு பங்களா இருந்தது. 1878ல் டாக்டர் சார்ல்ஸ் எமர்சன் என்பவர் அதைக் குத்தகைக்கு எடுத்து ஒரு ஹோட்டல் நடத்தினார், 1883ல் அவர் இறந்ததும் அது மூடிவிட்டது. பிறகு பக்கத்திலிருந்த ராஃபிள்ஸ் இன்ஸ்டிட்யூஷன் பள்ளி, மாணவர் விடுதியாகப் பயன்படுத்தியது. எமர்சனின் குத்தகை 1887 செப்டம்பரில் முடிந்ததும் சார்க்கீஸ்கள் உள்ளே நுழைந்தார்கள். இடத்தின் சொந்தக்காரர்கள் அல்சகோஃப் என்ற அரபு வணிகக் குடும்பம். ஆக, அரபுக்காரரின் நிலம், ஆர்மீனியரின் முதலாளித்தனம், ஆங்கிலேயரின் பெயர், உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். "பிரிட்டிஷ் பாரம்பரிய ஹோட்டல்" என்று சுற்றுலாக் கையேடுகளில் எழுதுகிறார்களே, அதை இந்தப் பட்டியலோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

திறந்தபோது மொத்தம் பத்து அறை. பெரிய பேரெல்லாம் இல்லை. 1889ல் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் சிங்கப்பூர் வழியாகப் போனார், அப்போது அவருக்கு 23 வயது, இன்னும் உலகப் புகழ் வரவில்லை. அவர் எழுதிய பயணக் குறிப்பில் இந்த ஹோட்டல் வருகிறது. என்ன எழுதினார் தெரியுமா? சாப்பாடு எவ்வளவு பிரமாதமோ அறைகள் அவ்வளவு மோசம், அதனால் ராஃபிள்ஸில் சாப்பிடுங்கள், தூங்குவதற்கு ஹோட்டல் டி யூரோப் போய்விடுங்கள் என்று. வேறு யாராவது என்றால் இதைப் படித்துவிட்டு முகம் சுளித்திருப்பார்கள். சார்க்கீஸ்கள் கத்தரிக்கோலை எடுத்தார்கள். "ராஃபிள்ஸில் சாப்பிடுங்கள்" என்பது வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டு விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். இந்த ஹோட்டலின் குணம் முழுவதும் அந்த ஒரு வெட்டில் தெரிகிறது என்பேன். பொய் சொல்லவில்லை. நிஜத்தில் எது தேவையோ அதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் கட்டடத்துக்கும் இதே வேலைதான் நடந்தது, வருகிறேன்.

அறைகள் மோசம் என்ற பேச்சு, சகோதரர்களில் சிங்கப்பூர் ஹோட்டலைக் கவனித்துக்கொண்ட டிக்ரானுக்கு உறைத்ததோ என்னவோ, அடுத்த பத்து வருஷம் கட்டிக்கொண்டே இருந்தார். 1890ல் பங்களாவின் இரு பக்கமும் இரண்டு மாடிக் கட்டடங்கள், 1894ல் பாம் கோர்ட் பகுதி, கடைசியில் பழைய பங்களாவையே இடித்துவிட்டு 1899 நவம்பரில் இன்று நாம் முகப்பில் பார்க்கும் பிரதானக் கட்டடம். வரைந்தவர் ஸ்வான் அண்ட் மக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் பிட்வெல். இன்றைக்கு குட்வுட் பார்க் ஹோட்டலாக இருக்கும் ஜெர்மானியர் கிளப்பும் அவர் கைவண்ணம்தான். பளிங்குத் தரை போட்ட, ஒரே நேரத்தில் ஐந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய சாப்பாட்டுக் கூடம். சொந்த ஜெனரேட்டர் வைத்து மின்விளக்கு, மின்விசிறி. அந்த வட்டாரத்தில் மின்விளக்கு பார்த்த முதல் ஹோட்டல் இதுதான். 1904ல் பிராஸ் பாசா தெருப் பக்கம் இன்னொரு பகுதி சேர்ந்ததும் அறைகள் நூறைத் தாண்டிவிட்டன.

அறையின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இது வெறும் அலங்காரம் இல்லை. ஏசி இல்லாத காலம், பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி தள்ளியிருக்கும் ஊர், வருஷம் முழுவதும் புழுக்கம். அறைக்கு முன்னால் அகலமான வராந்தா, அதற்கு உள்ளே உட்காரும் கூடம், அதற்கும் உள்ளே படுக்கை, கடைசியில் குளியலறை. நான்கும் ஒரே நேர்கோட்டில். நம் ஊர்ப் பழைய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லைப்புறம் தெரியுமே, அதே தந்திரம். முன்பக்கம் நுழையும் காற்று பின்பக்கம் போய்விடும். கூரை பதினான்கு அடிக்குக் குறையாத உயரம், சூடான காற்று மேலே ஏறிக்கொள்ளும். வெயில் சுவரில் நேராக விழாமல் வராந்தா தாங்கிக்கொள்ளும். சாத்தினாலும் காற்று வரும்படி சட்டம் சட்டமாகப் பலகை வைத்த மரக்கதவுகள். இன்றைக்கு அறைக்குள் ஏசி ஓடுகிறது, கதவுகள் இறுக்கமாகச் சாத்தியிருக்கின்றன, அந்த வராந்தாவில் உட்கார்ந்து காபி குடிப்பது ஒரு ஆடம்பரம். ஆனால் அன்றைக்கு அது இல்லாமல் தூங்கவே முடியாது.

கடலும் அப்போது எதிரிலேயே இருந்தது. பீச் ரோடு என்றால் நிஜமாகவே கடற்கரைச் சாலை. வராந்தாவிலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். பிறகு கட்டம் கட்டமாகக் கடலைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டே போனதில், இப்போது ஹோட்டல் வாசலிலிருந்து தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் நல்ல நடை நடக்க வேண்டும். முதல்முறை போகிறவர்கள் "பீச் எங்கே?" என்று கேட்பது வழக்கம்.

சரி, புலிக்கு வருவோம். 1902 ஆகஸ்டில் நடந்தது. பீச் ரோட்டில் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு காட்சியிலிருந்து, சர்க்கஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு புலி தப்பித்து வந்துவிட்டது. ஹோட்டலின் பார், பில்லியர்ட்ஸ் கட்டடம் தரையிலிருந்து தூக்கி, கட்டைத் தூண்கள் மேல் கட்டியது. அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு இடைவெளி. அந்த இருட்டுக்குள் புலி போய்ப் பதுங்கிக்கொண்டது. யாரைக் கூப்பிடுவது? பக்கத்து ராஃபிள்ஸ் இன்ஸ்டிட்யூஷனின் தலைமையாசிரியர் பிலிப்ஸ் குறிபார்த்துச் சுடுவதில் பேர் போனவர். அவரை எழுப்பிக்கொண்டு வந்தார்கள். சில குண்டுகள் வீணாய்ப் போக, கடைசியில் புலி செத்தது. ஆக புலி நிஜம், சுட்டது நிஜம், பில்லியர்ட்ஸ் அறை நிஜம். மேசைக்கு அடியில் இல்லை, கட்டடத்துக்கு அடியில். காட்டுப்புலியும் இல்லை, கூண்டிலிருந்து ஓடிவந்த பாவப்பட்ட ஜீவன். "சிங்கப்பூரின் கடைசிப் புலி" என்று சிலர் இதையே சொல்வார்கள், அதுவும் சரியில்லை, தீவின் காட்டுப்பகுதியில் 1930ல்கூட ஒரு புலியைச் சுட்டிருக்கிறார்கள்.

ஆனால் கதை மேசைக்கு அடியில் போய்விட்ட பிறகு யாரால் வெளியே எடுக்க முடியும்? ஹோட்டல் 1986ல் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, அது சீன நாட்காட்டியில் புலி ஆண்டாகவும் அமைந்துவிட்டதால், பயிற்சி பெற்ற ஒரு புலியைக் கொண்டுவந்து பில்லியர்ட்ஸ் மேசை மேலேயே உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். 1986 எப்படி நூற்றாண்டாகும், 1887ல்தானே திறந்தது என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்வி. அப்போது தொடக்கம் 1886 என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். தேதி சரியானது பின்னால்தான். புலிக்கு மட்டும் சரியான ஆண்டு கிடைத்தது.

அடுத்து சிங்கப்பூர் ஸ்லிங். ஜின், செர்ரி மது, பெனடிக்டின், குவாந்த்ரோ, அன்னாசிப் பழச்சாறு, எலுமிச்சை, மாதுளைப் பாகு எல்லாம் கலந்த இளஞ்சிவப்புப் பானம். ஹோட்டல் சொல்லும் வரலாறு: ஹோட்டலின் லாங் பார் என்ற மதுக்கூடத்தில் வேலை பார்த்த ஹைனான்காரர் ஙியாம் தோங் பூன் 1915ல் உருவாக்கினார், பெண்கள் பொது இடத்தில் மது குடித்தால் ஊர் பேசும் என்ற காலம், அதனால் பார்ப்பதற்குப் பழச்சாறு மாதிரி இருக்கட்டும் என்று இந்த நிறம் கொடுத்தார் என்பது. ஙியாம் நிஜமான ஆள். ஆனால் 'ஸ்லிங்' வகைப் பானங்கள் 1915க்கு முன்பே சிங்கப்பூர்ச் செய்தித்தாள்களில் தலைகாட்டுகின்றன, இளஞ்சிவப்பு ஸ்லிங் உட்பட. அதனால் ஒரே நாளில் ஒருவர் கண்டுபிடித்தார் என்பதைவிட, ஊரில் ஏற்கெனவே புழங்கிய ஒன்றை அவர் தன் கைப்பக்குவத்தில் மாற்றினார், ஹோட்டல் அதற்கு ஒரு தேதியும் பிறப்புச் சான்றிதழும் கொடுத்தது என்று எடுத்துக்கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ருசி எப்படி என்று கேட்டால், திகட்டும். ஒன்று போதும். கூடவே தரும் வேர்க்கடலையின் தோலைத் தரையில் போடலாம் என்பதுதான் இதில் விசேஷம். குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் நாட்டில், காசு கொடுத்து உள்ளே போய்த் தரையில் குப்பை போடும் சுகம் வேறு எங்கும் கிடைக்காது.

போகிற போக்கில் ஒன்று. 1915 என்றால் உலகம் ஸ்லிங்கை நினைக்கிறது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் சிங்கப்பூரில் நிறுத்தியிருந்த இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். பிடிபட்டவர்களில் 47 பேரை ஊர் மக்கள் பார்க்க ஊட்ரம் சிறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஹோட்டலிலிருந்து அதிக தூரமில்லை. அந்த வருஷத்தைப் பொற்காலம் என்று யாராவது சொல்லும்போது எனக்கு இது ஞாபகம் வரும். பொற்காலம் யாருக்கு என்பது எப்போதும் கேட்கவேண்டிய கேள்வி. நம் ஆட்களும் சீனர்களும் மலாய்க்காரர்களும் அந்தப் பளிங்குக் கூடத்தில் தட்டு தூக்கிக்கொண்டு போனவர்கள், கதவைத் திறந்துவிட்டவர்கள். மேசையில் உட்கார்ந்தவர்கள் அல்ல.

முதல் உலகப்போருக்குப் பிறகு மலாயாவின் ரப்பரும் தகரமும் காசாகக் கொட்டின. தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மாதச் சம்பளத்தோடு ஊருக்குள் வந்து அதைச் செலவழிக்க இடம் வேண்டும் அல்லவா. அப்போது சிங்கப்பூரில் மூன்று பெரிய ஹோட்டல்கள்: யூரோப், அடெல்ஃபி, ராஃபிள்ஸ். மூன்றுக்கும் போட்டி. 1920 வாக்கில் ராஃபிள்ஸின் முன்பக்கம், கடல் பார்த்த வாசலை மறைத்துக்கொண்டு, பெரிய நடனக்கூடம் ஒன்று கட்டினார்கள். கிழக்கிலேயே இதைவிட நல்ல நடனக்கூடம் இல்லை என்று பேர். வாத்தியக் குழு, இரவு விருந்து, வெள்ளையும் கறுப்புமாக உடுத்திய கூட்டம். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1921ல் சிங்கப்பூர் வந்ததும் இந்தக் காலத்தில்தான். தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்து காலையெல்லாம் எழுதுவார், சாயங்காலம் கேட்ட வம்புகள் அடுத்த நாள் கதையாகும் என்று ஹோட்டல்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் கணக்குப் புத்தகம் அவ்வளவு அழகாக இல்லை. டிக்ரான் 1910ல் ஓய்வுபெற்றுக் கிளம்பி, 1912ல் இறந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் மிஞ்சியது பினாங்கில் இருந்த அர்ஷக். தாராள மனசுக்காரர். தலையில் விஸ்கிக் கோப்பையை வைத்துக்கொண்டு அது சிந்தாமல் நடனக்கூடத்தைச் சுற்றி வால்ட்ஸ் ஆடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். கையில் காசில்லாதவரிடம் பில்லைக் கேட்கவே மாட்டாராம். ஹோட்டல் முதலாளிக்கு இருக்கக்கூடாத குணம் என்று பார்த்தால் இதுதான். 1929ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது, ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது, தோட்டக்காரர்கள் வரவில்லை. 1931ல் அர்ஷக் இறந்தார், அதே வருஷம் சார்க்கீஸ் நிறுவனம் திவாலானது. யூரோப் ஹோட்டலும் தப்பவில்லை, 1930களின் தொடக்கத்தில் மூடி, இடித்து, அந்த இடத்தில்தான் 1939ல் உச்ச நீதிமன்றம் வந்தது. ராஃபிள்ஸ் மட்டும் 1933ல் ஒரு பொதுக் கம்பெனியாக மறுபிறவி எடுத்தது. கிப்ளிங் தூங்கப் போகச் சொன்ன இடம் மண்ணோடு மண்ணாகிவிட்டது, சாப்பிடச் சொன்ன இடம் பிழைத்துக்கொண்டது.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அதற்கு முந்தைய நாட்கள் வரை நடனக்கூடத்தில் ஆட்டம் நடந்தது என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், குண்டுச் சத்தத்தோடு. மாட்டிறைச்சி பரிமாறும் பெரிய வெள்ளி வண்டியை, ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று ஊழியர்கள் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தார்கள் என்பது இன்னொரு பிரசித்தமான கதை. ஜப்பானிய அதிகாரிகள் ஹோட்டலை எடுத்துக்கொண்டு 'ஷோனான் ர்யோகான்' என்று பெயர் மாற்றினார்கள். ஊருக்கே அப்போது ஷோனான் என்றுதான் பெயர். 1945ல் போர் முடிந்ததும் சிறை முகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாக விடுதலையான போர்க்கைதிகளுக்கு இது இடைத்தங்கல் முகாமாக இருந்தது.

அதற்குப் பிறகான முப்பது நாற்பது வருஷங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். விமானம் வந்தது, கப்பல் பயணிகள் குறைந்தார்கள், நாடு விடுதலையானது, ஆர்ச்சர்ட் ரோட்டில் ஏசி போட்ட உயரமான ஹோட்டல்கள் முளைத்தன. ராஃபிள்ஸ் பெயிண்ட் உதிர்ந்துகொண்டு பழைய நினைவில் காலம் தள்ளியது. அடெல்ஃபியை 1980ல் இடித்துவிட்டார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், அந்தப் புலி சுட்ட தலைமையாசிரியரின் பள்ளி நின்ற அதே இடத்தில், 1986ல் 73 மாடி வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட் எழுந்தது, அன்றைக்கு உலகத்திலேயே உயரமான ஹோட்டல். அதன் நிழலில் மூன்று மாடி ராஃபிள்ஸ். சிங்கப்பூர் மாதிரி நிலம் குறைந்த ஊரில் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1987ல் அரசு அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. காப்பாற்றியது அதுதான்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. 1989 மார்ச்சில் ஹோட்டலை மூடி, 160 மில்லியன் சிங்கப்பூர் டாலர் செலவில் புதுப்பித்து, 1991 செப்டம்பரில் திறந்தார்கள். புதுப்பிப்பது என்றால் எந்த வருஷத்து ராஃபிள்ஸாக? இதுதான் சிக்கல். பத்து அறை பங்களாவா, 1899ஆ, 1920களின் நடனக்கூடத்தோடா, போருக்குப் பிறகு ஒட்டுப்போட்டதா? அவர்கள் 1915ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேதிக்குப் பின்னால் சேர்ந்ததெல்லாம் 'பிற்சேர்க்கை' ஆகிவிட்டது. அதனால் அந்தப் புகழ்பெற்ற நடனக்கூடத்தை இடித்துவிட்டு, அதற்கு முன் அங்கே இருந்த வார்ப்பிரும்பு முகப்புப் பந்தலைப் பழைய படங்களைப் பார்த்துப் புதிதாகச் செய்து நிறுத்தினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் முன்னால் நின்று படம் எடுக்கும் பகுதி அதுதான். அதாவது பழைய தோற்றத்தைக் கொண்டுவர, நிஜமாகவே பழசான ஒன்றை எடுத்துவிட்டு, பழசு மாதிரி புதுசு ஒன்றை வைத்தார்கள்.

இது சரியா தப்பா என்று கட்டடக்காரர்கள் இன்னும் சண்டை போடலாம். என் கருத்து: முகப்பின் அழகு திரும்பக் கிடைத்தது உண்மை, நடனக்கூடம் அதைக் கெடுத்துத்தான் வைத்திருந்தது. ஆனால் சிங்கப்பூரில் ஒரு தலைமுறையே ஆடிப்பாடி, கல்யாண விருந்து சாப்பிட்டு, போரின் கடைசி நாட்களைக் கழித்த இடம் அது. 1915 என்ற தேதியில் அந்த நினைவுகளுக்கு இடமில்லை. கூடவே பின்பக்கம் கடைகள் வரிசையும் ஒரு அரங்கமும் சேர்த்து, பழைய பாணியிலேயே கட்டியதால், எங்கே பழசு முடிகிறது எங்கே 1991 தொடங்குகிறது என்பது விவரம் தெரிந்தவருக்கே குழம்பும். இப்போதுள்ள லாங் பாரும் அந்தப் புதிய பகுதியில்தான் இருக்கிறது, ஙியாம் நின்று கலக்கிய இடம் அதுவல்ல.

நல்லதையும் சொல்ல வேண்டும். அறைகளின் அந்த நான்கு அடுக்கு அமைப்பை அப்படியே வைத்தார்கள், அதற்காக அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து எல்லாவற்றையும் சூட், அதாவது படுக்கையறையோடு உட்காரும் கூடமும் சேர்ந்த தொகுதி, ஆக்கினார்கள். 2017 முதல் 2019 ஆகஸ்ட் வரை நடந்த அடுத்த சுற்றுப் புதுப்பிப்புக்குப் பிறகு 115 சூட்கள். சொந்தக்காரர் விவகாரம் கேட்டால் தலை சுற்றும். 2005ல் ராஃபிள்ஸ் ஹோட்டல் வணிகம் முழுவதையும் கோலனி கேப்பிட்டல் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது, 2010ல் இந்தக் கட்டடத்தை மட்டும் கத்தார் அரசு சார்ந்த நிறுவனம் வாங்கியது, நடத்துவது இப்போது பிரான்ஸின் அக்கார் குழுமம். அரபு நிலத்தில் ஆரம்பித்தது, சுற்றிவந்து அரபு நாட்டுப் பணத்திலேயே நிற்கிறது. ராஃபிள்ஸ் என்ற பெயர் இன்று பல நாடுகளில் ஹோட்டல்களுக்கு ஒட்டும் முத்திரை. அதன் சின்னம் விசிறி வாழை. அதுவும் மடகாஸ்கரிலிருந்து வந்த செடிதான், இந்த ஹோட்டலில் உள்ளூர்க்காரர் என்று பார்த்தால் யாருமே இல்லை.

நேரில் போகிறவர்களுக்கு: அங்கே தங்கவில்லை என்பதற்காகத் திரும்பிவிட வேண்டாம். பிராஸ் பாசா பக்கமாக நுழைந்தால் கடைகளும் முற்றங்களும் எல்லோருக்கும் திறந்தவை. கூட்டம் முழுவதும் லாங் பார் வரிசையில் நிற்கும். நீங்கள் பீச் ரோட்டுப் பக்கம் வந்து, பிரதானக் கட்டடத்தின் மேல்மாடி வராந்தாவையும் வளைவுகளையும் அண்ணாந்து பாருங்கள், அது 1899. கண்ணைக் கீழே இறக்கினால் வாசல் பந்தல், அது 1991. இரண்டுக்கும் நடுவில் எழுபது வருஷம் நின்ற நடனக்கூடம், நீங்கள் கார்களுக்கு நடுவே நிற்கும் அந்தத் தரையில்தான் இருந்தது.